மீதிப் புயல்

சேந்தந்துறையில் பாதிப் புயல்தான் அடித்தது; மீதிப் புயல் ஊரைச் சுற்றி நின்றுகொண்டது. ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை விடிந்ததும் வடக்கேயிருந்து கிளம்பி வந்த காற்று, நாற்பதாயிரம் பேர் குடியிருந்த ஊரை நான்கு மணி நேரத்தில் துடைத்துப் போட்டுவிட்டு, கலங்கரை விளக்கத்தையும் ரயில்வே ஸ்டேஷனையும் மட்டும் ஏதோ மறந்துபோன மாதிரி விட்டுவிட்டு, பத்தரை மணிக்குச் சட்டென்று ஓய்ந்தது. புயலுக்கு நடுவே காற்றே இல்லாத ஒரு வட்டம் இருக்கும், அது ஊரைக் கடக்க அரை மணி நேரம் ஆகும், யாரும் வெளியே வராதீர்கள், பின்னாலேயே மீதிப் புயல் வரும் என்று ரேடியோவில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அரை மணி ஆனது. ஒரு நாள் ஆனது. ஒரு வாரம் ஆனது. வட்டம் நகரவில்லை.

மேற்கே பைபாஸ் ரோட்டிலும், கிழக்கே கடலுக்குள் கூப்பிடு தூரத்திலும், வடக்கே உப்பளத்திலும், தெற்கே சுடுகாட்டுக்கு அப்பாலும் காற்று சாம்பல் நிறச் சுவராக நின்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. போய்த்தான் பார்க்கிறேனே என்று கிளம்பிய ஒருவனுடைய மோட்டார் சைக்கிளை அது வாங்கி வைத்துக்கொண்டு ஆளை மட்டும் திருப்பிப் போட்டது. ஊர் இதைப் பற்றி மூன்று நாள் பேசியது, நான்காம் நாள் பேச்சை விட்டுவிட்டு அடுப்பு மூட்டியது. அடுப்புப் புகை ஆடாமல் அசையாமல் நேரே மேலே போனது. காற்றே இல்லாததால் ஒரு தெருவில் பேசுவது நாலு தெரு தள்ளித் தெளிவாகக் கேட்டது, அதனால் புறணி பேசுவது பாதியாகக் குறைந்தது, புயலைவிட அதுதான் பெரிய அதிசயம் என்று சொன்னவர்களும் உண்டு. சாயங்காலம் ஆனால் ஜனம் கடற்கரைக்குப் போய்ச் சாமான் பார்த்தது: ஊரிலிருந்து காற்று வாரிக்கொண்டு போன பீரோவும் கிரைண்டரும் தையல் மிஷினும் கல்யாணப் படமும் சுவருக்குள்ளே ஊரைச் சுற்றி வந்துகொண்டே இருந்தன, நாற்பது நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதோ நம்ம கட்டில் என்று கைகாட்டி, தேர் பார்த்த மாதிரி பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வந்து படுத்துக்கொண்டார்கள்.

ஊரை விட்டுப் போகிற யோசனை யாருக்கும் வரவில்லை. வழி இல்லாததால்தான் என்று நினைத்தால் அது தப்பு. வழி இருந்தாலும் போயிருக்க மாட்டார்கள், அவ்வளவு பிடிவாதம் பிடித்த ஜனம். ஸ்டேஷனில் நின்றிருந்த கூட்ஸ் வண்டியில் முப்பத்தெட்டுப் பெட்டி நிறைய சிமெண்ட் இருந்தது, அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. இடிந்ததிலிருந்தே செங்கல் பொறுக்கி, நான்கு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று கணக்கு வைத்து, வக்கீலும் வாத்தியாரும் மீன்காரியும் ஒரே வரிசையில் மண் சுமந்து, கலியமூர்த்தி மேஸ்திரி சொன்னபடி கட்ட ஆரம்பித்தார்கள். வடக்கே ஜன்னல் இல்லாத முழுச் சுவர். தெற்கே அகலமான வாசல், அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல். வடக்குக் காற்று மறுபடி வந்து தள்ளினால் வீடு சாயாமலிருக்கத் தெற்குப் பக்கம் சாய்வாக ஒரு முட்டுச்சுவர். தெற்கிலிருந்து வருவது தென்றல்தானே, அதற்கு எதற்கு பயம் என்று மேஸ்திரி சொன்னார், அதுவும் சரிதான் என்று ஊர் சொன்னது.

முப்பத்தோராம் நாள் முதல் வீடு முடிந்தது. டீக்கடை ஜபருல்லா பாய் குடும்பம் அதில் பால் காய்ச்சியது. பால் பொங்கி வழிந்த அதே நிமிஷம் கடல் பக்கத்துச் சுவர் உறுமிக்கொண்டு நூறு அடி உள்ளே வந்தது, கலங்கரை விளக்கம் போன இடம் தெரியவில்லை. தற்செயலாக இருக்கும் என்று மறுநாள் இன்னொரு வீட்டில் காய்ச்சிப் பார்த்தார்கள். இன்னும் நூறு அடி வந்தது, மீன் மார்க்கெட் இருந்த இடமும் போனது. அன்றைக்கே ஊர் கூடி, ஒரு வீட்டிலும் பால் காய்ச்சக் கூடாது என்று முடிவெடுத்தது. பால் காய்ச்சாத வீட்டில் எப்படிக் குடியிருப்பது? அதனால் வீட்டைக் கட்டி முடித்து, வெள்ளையடித்து, பூட்டிவிட்டு, வாசலில் பாய் விரித்துப் படுத்தார்கள். பயத்துக்கு அளவு ஏது, புது வீடு பழைய வீடு என்ற பேதமெல்லாம் போய், பால் அடுப்பில் ஏறுவதே குற்றமானது. குழந்தைகள் பச்சைப் பாலைக் குடித்தன. ஜபருல்லா பாய் பால் இல்லாத டீயைப் போட்டுக் கொடுத்துவிட்டு, குடிக்கிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். தை பிறக்கப் போகிறதே, பொங்கலுக்கு என்ன செய்வது என்று மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

வேதநாயகிக்கு இதெல்லாம் கவலையாகவே இல்லை, நாற்பத்து நாலாம் நாள் காலை வரைக்கும். கலியமூர்த்தி மேஸ்திரியிடம் இருபத்திரண்டு வருஷமாகச் சித்தாள் வேலை பார்ப்பவள். புருஷன் செத்த பிறகு கலவைச் சட்டியைத் தலையில் சுமந்தேதான் ஒரே மகள் தமிழரசியை வளர்த்து, படிக்க வைத்து, திருப்பூரில் வேலை பார்க்கும் பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள். தலைப்பிரசவத்துக்கென்று மகளை வீட்டுக்குக் கூட்டிவந்த நாலாம் நாள்தான் புயல் வந்தது. நாற்பத்து நாலாம் நாள் காலை மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த நர்ஸ் ரோசலின் வேதநாயகியின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள்.

"தலை கீழ இருக்கணும் வேதா. இது பாரு, இடது விலாவுல தலை, வலது பக்கம் காலு. புள்ள குறுக்க படுத்திருக்கு."

"திரும்பாதா நர்சம்மா?"

"இதுவரைக்கும் திரும்பல. இனிமே திரும்பும்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். என்கிட்ட கத்திரிக்கோலும் பஞ்சும்தான் இருக்கு."

"எத்தன நாளு இருக்கு?"

"பன்னெண்டு நாளு. வலி எடுத்துட்டா அப்புறம் நாளு கணக்கில்ல, மணிக் கணக்குதான்."

"அது வெளிய நிக்கிற செவத்தப் பாத்துட்டு, வரமாட்டேன்னு படுத்திருக்கு, விடுங்க" என்று தமிழரசி சிரித்தாள். நர்ஸ் போனதும் அம்மாவின் முந்தானையை எட்டிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டரில் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம். வேதநாயகி நேரே பைபாஸுக்குப் போனாள். எங்கேயாவது ஒரு சந்து இருக்காதா, ஒரு ஆள் நுழையும்படி ஒரு ஓட்டை இருக்காதா என்று சுவரோரமாகவே நடந்தாள். அவளுடைய வீட்டுப் பச்சைக் கதவு சுவருக்குள் வந்தது, கடந்து போனது. மேற்கே ஒன்றும் இல்லையென்று ஊரைக் குறுக்கே கடந்து கடற்கரைக்குப் போனாள், அங்கேயும் அந்தக் கதவு வந்தது, வலது கைப் பக்கமிருந்து இடது கைப் பக்கமாகப் போனது. பைபாஸிலும் வலதிலிருந்து இடதுதான். எங்கே நின்று பார்த்தாலும் வலதிலிருந்து இடது, அதனாலேயே ஊரில் ஒருவருக்கும் வேறொன்றும் தோன்றியிருக்கவில்லை. வேதநாயகிக்கு ஏனோ கால் நின்றது. மேற்கே பார்த்து நின்றபோது வலது கைப் பக்கம் வடக்கு. இப்போது கடலைப் பார்த்து நிற்கிறாள், வலது கைப் பக்கம் தெற்கு. புயல் கடலிலிருந்து கரைக்கு ஏறிப் போகிறது; ஊர்மேல் ஏற்கெனவே ஏறிப்போனதுதான் பைபாஸில் நிற்கிற சுவர், அது வடக்கேயிருந்து அடித்தது. இனி ஏறப்போவது கடலில் நிற்கிற இந்தச் சுவர். இது தெற்கேயிருந்து அடிக்கும். ஊர் முழுக்கத் தெற்கே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அவள் மேஸ்திரியைத் தேடி ஓடினாள்.

சிமெண்ட் கொட்டகையில் மேஸ்திரியைச் சுற்றி நூறு பேர் இருந்தார்கள்.

"மேஸ்திரி, மீதிப் புயலு தெக்கேருந்து வரும்."

"யாரு சொன்னா?"

"எங்க வீட்டுக் கதவு."

சிரிப்பு அடங்கும்வரை நின்று, பார்த்ததைச் சொன்னாள். கலியமூர்த்தி மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருஷமா வீடு கட்டுறேன். தெக்க ஜன்னல் வைக்காதவன் மேஸ்திரியே இல்ல. நீ போயி சட்டியத் தூக்கு, வேதநாயகி."

"எந்தத் திசையில வந்தா நமக்கென்ன?" என்றார் ரைஸ் மில் தணிகாசலம். பால் காய்ச்சக் கூடாது என்று ஊரைக் கூட்டித் தடை போட்டவர் அவர்தான். "நாமதான் பால் காய்ச்சப் போறதில்லையே. அது அங்கதான் நிக்கும்."

"எத்தன நாளைக்குங்க நிக்கும்?" என்றாள் வேதநாயகி. "எம் பொண்ணுக்குப் புள்ள குறுக்க கிடக்கு. பன்னெண்டு நாளைக்குள்ள அவ ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மீதிப் புயல் ஊரைக் கடந்து போனால்தான் ரோடு திறக்கும், அதைக் கடக்க வைக்கப் பால் பொங்க வேண்டும் என்பது புரிந்ததும், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒரு உசுருக்காக நாப்பதாயிரம் உசுரா என்றார் தணிகாசலம். அந்தப் பொண்ணு நம்ம பொண்ணு இல்லையா என்றது ஒரு குரல், அப்படின்னா உன் வீட்டுல மொதல்ல காய்ச்சு என்றது இன்னொரு குரல்.

"நான் பால் காய்ச்சச் சொல்லல" என்று வேதநாயகி கத்தினாள். "ஜன்னல அடைக்கச் சொல்றேன். கட்டுன வீட்டுக்குள்ள போகப் பயந்து வாசல்ல கிடக்கிறீங்களே, இதுக்கா கட்டுனோம்? என்னைக்காவது ஒரு நாளு எவ வீட்டுலயாவது பால் பொங்கத்தான் போவுது."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலமே அவள் வாசலில் இரண்டு பேரைக் காவல் போட்டு, அடுப்பையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலை மேஸ்திரி யாரிடமும் சொல்லாமல் பைபாஸுக்குப் போனார், அங்கிருந்து கடற்கரைக்குப் போனார். அவருடைய பழைய சைக்கிள் சுவருக்குள் தெற்கிலிருந்து வடக்கே போனது. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார், மறுபடியும் அப்படியே போனது. திரும்பி வந்தவர் கடப்பாரையை எடுத்து, தன் கையால் கட்டிய முதல் வீட்டின் முட்டுச்சுவரைத் தானே இடித்தார். கூட்டம் கூடியது. மேஸ்திரி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "ஆயிரத்து அறுநூறு வீட்டுக்கும் மொகத்த எங்க வைக்கணுமோ அங்க முதுக வச்சுட்டேன்" என்றார். "அந்தப் பொம்பள சொன்னது சரி. ஜன்னலு வாசலு எல்லாத்தையும் கல்லு வச்சு அடைங்க. முட்டு வடக்க போவணும். வடக்க ஒரு ஆளு நுழையற அளவுக்கு மட்டும் வாசல் உடைங்க. கேள்வி கேக்காதீங்க."

ஊர் மறுபடியும் வேலையில் இறங்கியது. பால் காய்ச்சுவதற்கு என்று யாரும் சொல்லவில்லை; ஒருவேளை, தப்பித் தவறி, எதற்கும் இருக்கட்டுமே என்று சொல்லிக்கொண்டு இடித்தார்கள், சொல்லிக்கொண்டே கட்டினார்கள். மேஸ்திரி கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, வேதநாயகி தானாகவே ஒரு பூச்சுக் கரண்டியை எடுத்துப் பூச ஆரம்பித்தாள், இருபத்திரண்டு வருஷம் கல் எடுத்துக் கொடுத்த கைக்குக் கல் வைக்கவா தெரியாது. மகள் பக்கத்தில் நர்ஸ் இருந்தாள். ஐந்தாம் நாள் யாரோ ஒரு பால்காரி, காவல்காரர்கள் அசந்த நேரம் பார்த்து, அரை லிட்டர் பாலும் ஒரு சின்னப் பாத்திரமும் வேதநாயகியின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். மூன்று செங்கல்லும் நாலு சுள்ளியும் போதும். வேதநாயகி அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காய்ச்சிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்தது, அதை மறைப்பானேன். இன்னும் அறுநூறு வீட்டுக்குத் தெற்கு ஜன்னல் திறந்து கிடந்தது. மகளுக்கு அதைப் பச்சையாகக் குடிக்கக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போனாள்.

ஒன்பதாம் நாள் விடியும்போது தமிழரசிக்கு வலி எடுத்தது, நர்ஸ் சொன்ன நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே. பதினோரு வீடுதான் பாக்கி இருந்தது. முதல் வலிக்கு அவள் பல்லைக் கடித்தாள், இரண்டாவதுக்குச் சேலையைக் கடித்தாள், மூன்றாவது வலிக்கு அம்மா என்று அலறினாள். காற்று அசையாத ஊரில் அந்தக் குரல் உப்பளம் வரைக்கும் போனது, ஸ்டேஷன் வரைக்கும் போனது, ஆயிரத்து அறுநூறு வாசலில் படுத்திருந்த அத்தனை பேர் காதிலும் பக்கத்தில் நின்று கூப்பிட்ட மாதிரி விழுந்தது. காதைப் பொத்திப் பார்த்தார்கள், பொத்தினாலும் கேட்டது. கூட்டம் போடவில்லை, கை தூக்கவில்லை. ஜபருல்லா பாய்தான் முதலில் எழுந்தார், பூட்டைத் திறந்து உள்ளே போய் அடுப்பு மூட்டினார். அடுத்த வீட்டில் புகை வந்தது. அதற்கடுத்த வீட்டில் வந்தது. ஊர் முழுக்க நேர் நேராகப் புகை எழுந்தது.

வேதநாயகி வீட்டு வாசலில் தணிகாசலம் நின்றிருந்தார். ஒரு கையில் அவளுடைய அடுப்பு, இன்னொரு கையில் பால் பாத்திரம்.

"இந்தா" என்றார். அடுப்பை உள்ளே வைத்து அவரே குனிந்து ஊதினார்.

பதினோரு வீட்டுக்காரர்களும் பக்கத்து வீடுகளுக்குள் ஓடினார்கள். பால் பொங்கியது. ஐம்பத்து மூன்று நாள் காத்திருந்த காற்று கடலைத் தூக்கிக்கொண்டு தெற்கேயிருந்து வந்தது.

அதை எப்படிச் சொல்வது. வடக்குக் காற்று வந்தபோது வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின, இது எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தது. அடைத்த ஜன்னல்கள் உள்பக்கமாக மூச்சு விட்டன, ஈரம் காயாத பூச்சு உதிர்ந்து தலையில் விழுந்தது, உள்ளே இருந்த அத்தனை பேரும் முதுகைத் தெற்குச் சுவரில் கொடுத்து உட்கார்ந்துகொண்டார்கள். வேதநாயகி ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, மறுகையைத் தான் வைத்த கல்லின்மேல் வைத்திருந்தாள். நர்ஸ் வலிகளுக்கு இடையே நிமிஷம் எண்ணினாள், எண்ணுவது குறைந்துகொண்டே வந்தது. "இரு, இரு, இரு" என்று வேதநாயகி சொல்லிக்கொண்டே இருந்தாள், மகளிடம் சொன்னாளா, சுவரிடம் சொன்னாளா, அவளுக்கே தெரியாது. மூன்று மணி நேரம் கழித்து மழை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

வெளியே வந்து பார்த்தார்கள். அடைக்காமல் விட்ட பதினோரு வீடும் இல்லை. மற்றது அத்தனையும் நின்றது. ஆனந்தப்பட யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் ஊருக்கு வெளியே ஆஸ்பத்திரி ரோட்டுப் பாலம் வரை மூன்று கிலோமீட்டருக்கு ரோடே தெரியவில்லை. சுற்றிச் சுற்றிக் களைத்த பீரோவும் கட்டிலும் புளியமரமும் மின்கம்பமும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம், சுவர் விலகக் காத்திருந்த ஆம்புலன்ஸின் விளக்கு சுற்றுவது தெரிந்தது. அதன் பக்கத்தில் திருப்பூரிலிருந்து ஓடி வந்து காத்து நிற்கிற மருமகனும் இருப்பான்.

"தூக்கிட்டு ஏறிப் போனா விழுந்துருவோம்" என்றார் மேஸ்திரி. "தளம் போடுற மாதிரி நில்லுங்க. கைக்குக் கை. நடுவுல ஒரு ஆளு விடக்கூடாது."

கான்கிரீட் சட்டி கைமாறிப் போகிற வரிசையில் நிற்க அந்த ஐம்பது நாளில் சேந்தந்துறையில் கற்றுக்கொள்ளாத ஆள் இல்லை. பீரோமேல், மரத்துமேல், கம்பத்துமேல் எங்கே கால் நிற்குமோ அங்கே நின்று, ஊர் இரட்டை வரிசையாகப் பாலம் வரை நீண்டது. தமிழரசியைக் கயிற்றுக் கட்டிலில் கட்டினார்கள். முதல் கை வேதநாயகியுடையது. கட்டிலை மேஸ்திரி கையில் கொடுத்தாள், மேஸ்திரி தணிகாசலம் கையில் கொடுத்தார், கட்டில் தலைகளுக்குமேல் குலுங்காமல் போய்க்கொண்டே இருந்தது, நர்ஸ் பக்கத்தில் விழுந்து எழுந்து ஓடினாள். ஒவ்வொரு அலறலும் முந்தினதைவிடத் தள்ளிக் கேட்டது. பிறகு கேட்கவே இல்லை.

வரிசை கலையவில்லை. சேதி வர வேண்டுமே, அதுவும் அதே வழியாகத்தான் வர வேண்டும். சும்மா நிற்கத் தெரியாத கைகள், காலடியில் கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கைமாற்றி ஓரத்தில் போட்டன. உச்சி வெயில் சாய்ந்து, நாலு மணி ஆனது. மூன்று கிலோமீட்டருக்கு ரோடு கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. வேதநாயகி ஒன்றையும் தூக்கவில்லை, பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது தூரத்தில், பாலத்தின் பக்கம், ஆட்கள் உட்கார்வது தெரிந்தது. ஒருவர், அடுத்து ஒருவர், அடுத்து ஒருவராக, வரிசை அந்த முனையிலிருந்து தரையில் உட்கார்ந்துகொண்டே வந்தது. இழவுச் செய்தி கேட்டவர்கள்தான் அப்படி உட்காருவார்கள். ஓட நினைத்தாள், முடியவில்லை. உட்கார்வது கிட்டே கிட்டே வந்தது, தணிகாசலம் உட்கார்ந்தார், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மேஸ்திரி அவர் வாயருகே குனிந்து கேட்டுவிட்டு, ரொம்ப மெதுவாக இவள் பக்கம் திரும்பினார்.

"பொட்டப் புள்ள" என்றார். "ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாம். தமிழரசி கண்ணு முழிச்சு, ஊருல எத்தன வீடு நிக்குதுன்னு கேட்டுச்சாம்." சொல்லிவிட்டு அவரும் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து நின்ற கால் அது.

வேதநாயகி உட்காரவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசை இல்லை, ஊர்தான் இருந்தது. அவள் ஊரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒவ்வொரு வீடாக விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தாள், மகளுக்குப் பதில் சொல்லி அனுப்ப வேண்டும்.